முன்மாதிரித் தட்டு

மாமனார் ஏணியிலிருந்து விழுந்த அன்று அவருடைய உடம்பில் ஓர் எலும்பைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. ஆஸ்பத்திரி அந்த எலும்பைச் சரிசெய்தது. அதற்குப் பிறகுதான் மற்றதன் பக்கம் திரும்பியது.

ஆயுள் முழுக்கப் பெயிண்டராக இருந்தவர் அவர். எழுபதைத் தாண்டியும் ஏணியைக் கண்டால் கால் சும்மா இருக்காது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயில் அடைத்திருந்த இலையை எடுக்க ஏறினார், இலையோடு இறங்கினார். மாத்திரை என்று ஒன்றை வாழ்நாளில் விழுங்கியதில்லை. விழுங்குகிறவர்களைக் கண்டால் பரிதாபப்படுவார். அந்தப் பரிதாபம் பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்கும். காலையில் வெயிலில் நடப்பார். தொட்டியில் வளர்த்த தக்காளியைப் பறித்துச் சட்டையில் துடைத்துக் கடிப்பார். இருட்டினால் படுத்துவிடுவார். செய்தித்தாள் வந்ததும் மற்றவர்கள் துணுக்குப் பக்கத்தைத் தேடுவதுபோல உடல்நலப் பக்கத்தைத் தேடுவார்.

"மாப்பிள்ளை, இங்க பாருங்க. போன மாசம் காபி குடிச்சா இதயத்துக்கு நல்லதாம். இந்த மாசம் கெட்டதாம். இதயம் பாவம், எந்த மாசத்துப் பேப்பரைப் படிக்கும்?"

மருமகன் சிரிப்பான். அவன் செருப்புக்கடையில் கால் அளவு எடுக்கிறவன். நாள் முழுக்கப் பிறர் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதாலோ என்னவோ, அவனுக்கு யாரோடும் சண்டை போட வராது. கடிக்கிற செருப்பைக்கூட, போடப் போடச் சரியாகிவிடும் என்று சொல்லித்தான் விற்பான். அதில் பாதியை நம்பவும் செய்வான்.

எலும்பு மருத்துவர் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். மாமனாரே ஒப்புக்கொண்டார். "கம்பியை நல்லா வச்சிருக்கான். கைவேலை தெரிஞ்ச ஆளு." தைத்த இடம் ஆறி, பிடித்துக்கொண்டு நிற்க முடிந்ததும் மருத்துவர் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"என் வேலை முடிஞ்சுது. இனிமே உணவுப் பிரிவுதான் உங்களை வீட்டுக்கு விடணும்."

"உணவுப் பிரிவா? எதுக்கு டாக்டர்?"

"சான்று குடுப்பாங்க. மாசற்ற உணவுச் சான்று. ரெண்டு வாரம் தொடர்ந்து கெடுதலான பொருள் எதுவும் உடம்புக்குள்ள போகலைன்னு அவங்க எழுதிக் குடுத்தாத்தான் அனுப்ப முடியும்."

"நாங்களே கூட்டிட்டுப் போறோம்னா?"

"தாராளமா. ஆனா சான்று வர்ற வரைக்கும் கம்பி ஆஸ்பத்திரியோடது. அதை இங்க விட்டுட்டுப் போகணும்."

மாமனார் தன் தொடையைப் பார்த்தார். கம்பி உள்ளே இருந்தது. அவரும் அதோடு இருப்பதாகச் சொல்லிவிட்டார்.

உணவுப் பிரிவு தரைத்தளத்தில், சமையலறைக்கு அடுத்த அறையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் முன்பு ஒரு கதவு இருந்ததாம். சமையல் வாசனை முடிவுகளைப் பாதிக்கக்கூடாது என்று செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளே ஒரு வட்டமேசை, அதைச் சுற்றி நாற்காலிகள், ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஒரு கத்தரிக்கோல். காலையில் முதல் வேலையாகப் பிரிவினர் அன்றைய செய்தித்தாள்களின் உடல்நலப் பக்கங்களைக் கத்தரிப்பார்கள். ஏதோ ஒரு பொருள் கெடுதல் என்று எங்காவது ஒரு வரி வந்திருந்தால் போதும், மதியத்துக்குள் அது எல்லா நோயாளிகளின் தட்டிலிருந்தும் போய்விடும். நோயாளிகளின் நலன் என்பதால் இதில் தாமதமே கிடையாது.

நீக்கிய பொருள் நல்லது என்று மறுநாள் செய்தி வந்தால் அதைத் திரும்பச் சேர்க்கவும் வழி இருந்தது. முழுக்குழு கூட வேண்டும். முழுக்குழு கூடினால் சிற்றுண்டி கொடுக்க வேண்டும் என்பது விதி. சிற்றுண்டியில் என்னென்ன இருக்கலாம் என்பதை முழுக்குழுதான் முடிவு செய்ய வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆகவே முழுக்குழு இதுவரை கூடியதில்லை.

முதல் நாள் தட்டில் ரொட்டி, வெண்ணெய், அவித்த முட்டை, உருளைக்கிழங்கு, பட்டாணி, ஒரு தம்ளர் பால் எல்லாம் இருந்தன. மாமனார் நொட்டை சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் சாப்பிட்டார். மறுநாள் முட்டை இருக்க வேண்டிய இடத்தில் முட்டை வடிவத்தில் ஒரு குழி மட்டும் இருந்தது.

"முட்டை எங்கம்மா?" என்று தட்டுவண்டி தள்ளும் அம்மாவைக் கேட்டார்.

"பேப்பர்ல வந்துருச்சாம் ஐயா."

"பேப்பர்ல வந்தா தட்டுக்கு வராதா?"

"என்னைக் கேட்டா? வைக்கிறதைத் தள்றேன். நாளைக்கு வண்டியையே எடுத்துட்டாங்கன்னா கையை வீசிட்டு வருவேன்."

அந்த வாரம் வெண்ணெய் போயிற்று. அதைத் தேடிக்கொண்டு ரொட்டியும் போயிற்று. பால் போன அன்று தம்ளர் மட்டும் வந்தது; அடுத்த நாள் தம்ளரின் பூச்சைப் பற்றி ஒரு செய்தி வந்ததால் அதுவும் நின்றது. உருளைக்கிழங்கு மாவு என்பதால் போயிற்று. பட்டாணி ஏன் போனது என்று யாருக்கும் நினைவில்லை. உப்பு போன நாளில் மாமனார் பாதியிலேயே கரண்டியை வைத்துவிட்டார்.

மருமகன் கடையில் மதிய இடைவேளை சொல்லிவிட்டு உணவுப் பிரிவுக்குப் போனான். அங்கே இருந்த ஆலோசகப் பெண் மிகவும் மரியாதையானவள். அவன் உட்காரும்வரை தானும் நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம், அந்த முட்டை..."

"நீக்கியாச்சு சார்."

"போன வாரம் முட்டை நல்லதுன்னு உங்க வாசல்லயே ஒட்டியிருந்துச்சே?"

"இப்பவும் ஒட்டியிருக்கு சார். முட்டை நல்லதுதான்."

"அப்போ குடுக்கலாமே?"

"நல்லதுங்கிறது செய்தி சார். நீக்கினதுங்கிறது நடைமுறை."

பதில் தெரியாதபோது தலையை ஆட்டுவது மருமகனின் வழக்கம். ஆட்டினான். அவள் அதைச் சம்மதமாகக் குறித்துக்கொண்டாள்.

"இல்ல மேடம், அவருக்குத் தெம்பு வரணும். ஆள் பாதியாயிட்டாரு. பேன்ட் இடுப்புல நிக்கல."

அவள் முகம் மலர்ந்தது. திரையைத் திருப்பிக் காட்டினாள். அதில் ஒரு கோடு மேலிருந்து கீழே சறுக்கிக்கொண்டு வந்தது. "பாருங்க சார், உங்க மாமனார்தான். சேர்ந்த அன்னைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கெடுதல் உள்ள போயிட்டிருந்தது, இன்னைக்கு எவ்வளவு போகுது! இவ்வளவு வேகமா இறங்கின கோடு எங்க பிரிவுலயே இல்ல. தலைவர் இதைப் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கார்."

"அது அவரு சாப்பிடாததால..."

"அதேதான் சார். ஒத்துழைக்கிறார்."

"தெம்பு?"

"தெம்பு எங்க பிரிவு இல்ல சார். இரண்டாம் மாடி."

இரண்டாம் மாடியில் தெம்புக்கான அறையில் ரப்பர் பட்டைகள் தொங்கின. அங்கிருந்த இளைஞர் மாமனாரை இழுத்துப் பார்க்கச் சொன்னார்; மாமனார் இழுத்தார்; பட்டைதான் மாமனாரை இழுத்துக்கொண்டது. "சாப்பாடு பத்தலை போலிருக்கே, உணவுப் பிரிவுல சொல்லுங்க" என்றார் இளைஞர்.

ஒவ்வொரு சாயங்காலமும் மனைவி கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அப்பா சாப்பிட்டாரா?" அவளுக்குத் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை, வார நாட்களில் வர முடியாது. "ம்" என்பான். அந்த "ம்" பொய்யா இல்லையா என்று அவனுக்கே குழப்பம். சாப்பிட்டார் என்று அவன் சொல்லவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து பார்த்தாள். அப்பாவின் கையைப் பிடித்தாள். பிடித்த விரல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. நேராகத் தரைத்தளத்துக்கு இறங்கினாள். அவள் போட்ட சத்தம் செங்கல் சுவரைத் தாண்டிச் சமையலறைக்கே கேட்டதாம். ஆலோசகப் பெண் கடைசிவரை மரியாதை குறையாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவள் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தாள். அளவு அதிகமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வருவது அவளுடைய உடல்நலத்துக்கு உகந்ததல்ல என்று எழுதி, ஒரு மாதத்துக்கு நோயாளியைப் பார்க்க வரக்கூடாது என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். வாசல் காவலாளி அதைப் படித்துவிட்டு, "உடம்பைப் பாத்துக்கங்கம்மா" என்று அன்பாக வெளியே அனுப்பினார்.

அன்று வீட்டுக்குத் திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் சொன்னாள்.

"நீங்க எதாவது பண்ணுங்க. எப்பவும் தலையை ஆட்டிட்டு வராதீங்க."

அவன் தலையை ஆட்டினான்.

மறுநாள் அவன் ஒரு செருப்புப் பெட்டியோடு போனான். நோயாளி வீட்டுக்குப் போகும்போது போட்டுக்கொள்ளப் புதுச் செருப்பு என்று காவலாளியிடம் சொன்னான். காவலாளி திறந்து பார்த்தார், செருப்புதான். இடது செருப்பின் முனைக்குள், மெல்லிய தாளில் சுற்றி, நன்றாகப் பழுத்த ஒரு பேரிக்காய் இருந்தது.

மாமனார் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதலில் மோந்து பார்த்தார். பிறகு கடித்தார். மோவாயில் சாறு வழிந்தது. பாதியைத் தின்று முடித்தார். அப்புறம் அவர் கண்ணை மூடிக்கொண்டு, "மாப்பிள்ளை, என் பொண்ணை உங்களுக்குக் குடுத்தது வீண்போகல" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து மருமகன் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

அந்த வார்டில் பல வாரங்களாக வாசனை என்று எதுவும் இருந்ததில்லை. பேரிக்காய் வாசனை தாழ்வாரம் முழுக்கப் போய்விட்டது. பக்கத்து அறைகளிலிருந்து நோயாளிகள் தலையை நீட்டினார்கள். ஒருவர் அழுதேவிட்டார். வாசனை எங்கிருந்து என்று தேடி வந்த ஆலோசகப் பெண்ணுக்கு அவர்தான் கை காட்டினார்.

பிரிவுத் தலைவர் மருமகனைத் தன் அறைக்கு அழைத்தார். மெலிந்த, சிரித்த முகம். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கத்தரிக்கோல்.

"என்ன சாப்பிட்டார்?"

"அரைப் பேரிக்காய் சார்."

"எந்த அரை?"

"சார்?"

"காம்புப் பக்கமா, அடிப்பக்கமா? அடிப்பக்கத்துல சர்க்கரை ஜாஸ்தின்னு வந்திருக்கு."

"கவனிக்கல சார்."

"கவனிக்கல!" தலைவர் அதை வேதனையோடு சொன்னார். "உங்களை மாதிரி ஆளுங்க வீட்டுல இப்படித்தான் சாப்பிடுறீங்க, எந்தப் பக்கம்னுகூடப் பாக்காம. நான் சாப்பிட உக்கார்ந்தா, தட்டைப் பார்க்கும்போதே ஒவ்வொண்ணைப் பத்தியும் வந்த செய்தி ஞாபகம் வருது. பதினோரு வருஷமா ஒரு வாய் நிம்மதியா சாப்பிட்டதில்ல. அந்த அளவுக்கு அறிவு சேர்ந்திருக்கு. இந்த நிலைமையை எல்லா மக்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கணும்கிறதுதான் என் ஆசை."

மருமகனுக்கு அவர்மேல் ஒரு கணம் இரக்கம் வந்தது. அந்தக் கணத்தில் தலைவர் மாமனாரின் இரண்டு வாரக் கணக்கை அழித்து முதலிலிருந்து தொடங்கிவிட்டார்.

"இன்னொரு தடவை நடந்தா மறுபடி முதல்லேருந்துதான். உங்க மாமனார் நல்லவர். நீங்கதான் அவரைக் கெடுக்கிறீங்க."

அதற்குப் பிறகு மருமகன் எதுவும் கொண்டு போகவில்லை. கொண்டு வர வேண்டாம் என்று மாமனாரே சொல்லிவிட்டார். "எப்படியாவது இந்த ரெண்டு வாரத்தை ஓட்டிடறேன். வீட்டுக்கு வந்து ஒரு கட்டு கட்டுவேன் பாருங்க." சொல்லும்போது குரலில் பழைய தெனாவட்டு இருந்தது. எழுந்து உட்காரத்தான் தலையணை தேவைப்பட்டது.

கேரட்டுக்கு நிறம் அதிகம் என்று நீக்கினார்கள். அவித்த காய்கள் அவித்ததால் போயின. அவிக்காதவை அவிக்காததால் போயின. கடைசியாகத் தட்டில் இரண்டு துண்டு வெள்ளரிக்காய் இருந்தது. அது தண்ணீர்தான், பயனில்லை என்று ஒரு செய்தி வந்தது. பயனில்லாததை நோயாளிக்குக் கொடுப்பது ஏமாற்று வேலை என்று பிரிவில் ஒருமனதாக முடிவாயிற்று.

அடுத்த நாள் வண்டியம்மா தட்டோடு வந்தார். தட்டின் மேல் மூடி இருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை.

"பாத்து ஐயா, சுடும்" என்றார்.

உணவைச் சூடாகப் பரிமாற வேண்டும் என்ற விதியை யாரும் நீக்கவில்லை. ஆகவே காலியான தட்டைச் சூடாக்கி, மூடி போட்டு, மூன்று வேளையும் நேரம் தவறாமல் கொண்டு வந்தார்கள். மாமனார் முதலில் சிரித்தார். வண்டியம்மாவும் சேர்ந்து சிரித்தார். "உப்பு எப்படி இருக்கு ஐயா?" "கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா." ஓரிரு நாள் இந்த விளையாட்டு நடந்தது. பிறகு அவர் தட்டு வந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்துக்கொள்வார். சூடு ஆறும்வரை வைத்திருப்பார். ஆறியதும் வண்டியம்மா எடுத்துக்கொண்டு போவார். நீராகாரம் என்று நரம்பில் ஏற்றிய திரவம் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி எந்தச் செய்தித்தாளிலும் இன்னும் எதுவும் வரவில்லை.

மருமகன் நாற்காலியில் உட்கார்ந்து அவர் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். காலின் அளவு பெரியவர்களுக்குக் குறையாது என்று அவன் அதுவரை நம்பியிருந்தான். செய்தித்தாள் கொண்டு வரட்டுமா என்று ஒருமுறை கேட்டான். மாமனார் வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார்.

இரண்டு வாரம் முடிகிற அன்று ஆலோசகப் பெண் ஓடி வந்தாள்.

"சார், சந்தோஷமான சமாச்சாரம்! நம்ம ஆஸ்பத்திரிக்கு முன்மாதிரித் தட்டு விருது கிடைச்சிருக்கு. ஐயாவோட தட்டுக்குத்தான்! நாட்டிலேயே கெடுதல் பூஜ்யம்னு வந்த முதல் தட்டு. இன்னைக்கே விழா. ஐயா மேடைக்கு வரணும். சான்றையும் அங்கேயே குடுத்திடுவாங்க."

"சான்றா? இன்னைக்கா?"

"ஆமா சார். அப்புறம் வீட்டுக்குத்தான்."

மருமகன் மாமனாரின் தலையை வாரிவிட்டான். சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான். தள்ளுவதற்குக் கனமே இல்லாததால் நாற்காலி திருப்பங்களில் தானாகவே முந்திக்கொண்டு போயிற்று.

மேடையில் காலியான தட்டைப் பட்டுத்துணி விரித்து வைத்திருந்தார்கள். தலைவர் அதற்கு மாலை போட்டார். உணவு ஆணையத்திலிருந்து வந்திருந்த சிறப்பு விருந்தினர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"நண்பர்களே! ஒரு காலத்தில் நோயாளிக்கு என்ன கொடுக்கலாம் என்று நாம் யோசித்துக்கொண்டிருந்தோம். அது நமது துறையின் குழந்தைப் பருவம். பிறகு என்ன கொடுக்கக்கூடாது என்று கேட்கக் கற்றுக்கொண்டோம். அன்று தொடங்கியது நமது வளர்ச்சி. இன்று நான் பெருமையோடு சொல்வேன்: நாம் கொடுத்த எந்தப் பொருளாலும் இந்த நோயாளிக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. ஏனென்றால் நாம் எதையும் கொடுக்கவில்லை!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"சிலர் கேட்கிறார்கள், நேற்று நல்லது என்றதை இன்று கெட்டது என்கிறீர்களே, தவறு செய்கிறீர்களா என்று. இல்லை. நாங்கள் ஒருபோதும் தவறு செய்ததில்லை. நேற்றுச் சரியாக இருந்தோம். இன்றும் சரியாக இருக்கிறோம். நடுவில் சாப்பிட்டவர்களுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும்?"

பிறகு மாமனாரிடம் ஒலிபெருக்கியை நீட்டினார்கள். அனுபவத்தைச் சில வார்த்தைகளில் சொல்லச் சொன்னார்கள். மாமனார் அதைப் பிடிக்கப் பார்த்தார், கை தாங்கவில்லை. மருமகன் பிடித்துக்கொண்டான். கூடம் காத்திருந்தது. மாமனாரின் உதடுகள் பிரிந்தன, ஒட்டின, பிரிந்தன. வாழ்நாள் முழுக்க இவர்களைப் பற்றிச் சேர்த்து வைத்திருந்த கேலியெல்லாம் இப்போது வரும் என்று மருமகன் நினைத்தான். வந்தால் சான்று போய்விடுமே என்று பயந்தான். வரட்டும் என்றும் உள்ளூர ஆசைப்பட்டான்.

"பசிக்குது" என்றார் மாமனார்.

ஒலிபெருக்கியில் அது கூடத்தின் கடைசி வரிசை வரை போயிற்று. இப்படி ஒன்று இருப்பதாகப் பிரிவினர் கேள்விப்பட்டிருந்தார்கள், நேரில் பார்த்ததில்லை.

முதலில் சுதாரித்தவர் சிறப்பு விருந்தினர்தான். அன்றைய செய்தித்தாள் அவர் மடியிலேயே இருந்தது. புரட்டினார். "இன்றைக்கே வந்திருக்கிறது பாருங்கள். நீண்ட நேரம் பசியோடு இருப்பவர்களுக்கு எரிச்சல், சோர்வு, உறக்கமின்மை ஏற்படுவதாகக் கண்டறிந்திருக்கிறார்கள். ஆக, பசி கெடுதல்."

தலைவரின் முகம் வெளிறியது. "அப்படீன்னா இத்தனை நாளா ஒரு கெடுதலான பொருள் நோயாளிக்குள்ளயே இருந்திருக்கு!"

மருமகன் நிமிர்ந்தான். முடிந்தது, இனியாவது புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தான். பசி கெடுதல் என்றால் அடுத்தது சோறு போடுவதுதானே? வேறென்ன இருக்க முடியும்?

ஆனால் போடுவதற்கு முழுக்குழு வேண்டும். நீக்குவதற்கு ஒரு துண்டுச் செய்தி போதும். தலைவர் சட்டைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து மேடையிலேயே அந்தச் செய்தியைக் கத்தரித்தார். பிரிவினர் கை தூக்கினார்கள். பசி நீக்கப்பட்டது. அதற்கென்று மாத்திரை ஏற்கெனவே மருந்தறையில் இருந்தது. ஆலோசகப் பெண் தண்ணீரோடு கொண்டு வந்து மாமனார் முன்னால் மண்டியிட்டாள்.

"வாயைத் திறங்க ஐயா. இது போட்டா அந்தத் தொல்லையே இருக்காது. ஒண்ணு போதும், ஆயுசுக்கும் நிலைச்சு நிக்கும்."

மாமனார் வாயைத் திறக்கவில்லை. அவர் மருமகனைப் பார்த்தார். சின்னதாக, வெள்ளையாக இருந்தது அந்த மாத்திரை. சான்று தலைவரின் கையில் இருந்தது. அவர் அதை விசிறிக்கொண்டிருந்தார். மனைவி அந்நேரம் வீட்டில் வழி பார்த்துக்கொண்டிருப்பாள். மருமகன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"ஒண்ணுதானே மாமா. போட்டுட்டா வீட்டுக்குப் போயிடலாம்."

மாமனார் இன்னும் சற்று நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கோபம் இல்லை. பிறகு கீழ்ப்படிதலுள்ள பிள்ளைபோல வாயைத் திறந்தார். கூடம் எழுந்து நின்று கைதட்டியது.

வீட்டில் மனைவி மேசை முழுக்கப் பரப்பியிருந்தாள். ரொட்டி, வெண்ணெய், பாதியாக வெட்டிய முட்டை, உப்பும் மிளகும் தூவிய உருளைக்கிழங்கு, பேரிக்காய், அவர் இல்லாதபோது தொட்டியில் பழுத்திருந்த தக்காளி. அப்பாவை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, கழுத்தில் துண்டு கட்டி, தட்டை முன்னால் நகர்த்தினாள். ஜன்னல் வழியாக வெயில் தட்டின்மேல் விழுந்தது.

மாமனார் ஒவ்வொன்றையும் பார்த்தார். நிதானமாக, குறை கண்டுபிடிக்காமல் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கும்மா" என்றார்.

"சாப்பிடுங்கப்பா."

"எதுக்கு?"

அவள் சிரித்தாள். அப்பா கேலியை ஆரம்பித்துவிட்டார் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவர் முகத்தில் கேலி இல்லை. அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"எதுக்குன்னா... உடம்புக்குத்தாம்பா. சாப்பிட்டாத்தானே..." அவள் நிறுத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்காரர்களைப்போலப் பேசுகிறோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கணவனைப் பார்த்தாள்.

மருமகன் யோசித்தான். இவ்வளவு வயதுக்கு அவனிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அதை நீக்கிவிட்டார்கள். அவன் மாமனாருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து, வெண்ணெய் தடவி, தன் வாயில் போட்டு மெதுவாக மென்று காட்டினான். விழுங்கிவிட்டு வாயைத் திறந்தும் காட்டினான்.

மாமனார் ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை" என்றார்.